பிளேஸ்டோ பாரில் மூன்று கிளாஸ் ரை

கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் கிளின்ரன் சின்னதாக ஒரு பார் திறந்தபோது சொந்தக்காரர் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. "லண்டனுக்கு வந்தும் கள்ளுத் தவறணை போட்டிருக்கிறான்" என்று கொடுப்புக்குள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்! அந்த பாரை நிமிர்த்தியது அவன் மனைவி அனோஜினியின் நாக்கு. ருசியிலும் பிழை விடாது, ஏச்சிலும் குறை வைக்காது.

மன்ஹாட்டன் காக்டெயிலுக்கு ரை விஸ்கி வாங்கப் போன இடத்தில் கிளின்ரன் விலை கூடிய போத்தலைத்தான் தூக்கினான். எங்கள் ஆட்களுக்கு விலைதானே தரம்.

"உங்களுக்கென்ன விசரே? இது சும்மா குடிக்க நல்லது. மன்ஹாட்டனுக்கு விட்டால் வெர்மூத் வைனின்ரை இனிப்பு இதை விழுங்கிப்போடும்" என்றாள் அனோஜினி. அடித்தட்டில் கிடந்த மலிவான ரையை எடுத்தாள். "இது மிளகு மாதிரிக் கடிக்கும். என்னத்தோடை கலந்தாலும் தாழாது."

அதன்பிறகு பாரில் ஓடியது அந்த ரைதான். வேலை முடிந்து வரும் நேர்ஸ்மார்கூட அவள் கலக்கும் மன்ஹாட்டனுக்காகக் காத்திருந்தார்கள்.

பிறகு அவள் தொண்டையில் கட்டி வந்தது. கதிர்ச் சிகிச்சை கட்டியைக் கரைத்தது, கூடவே ருசியையும் கொண்டுபோனது. சோறும் கடதாசியும் அவளுக்கு ஒன்றாகிவிட்டன. "ருசி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்" என்று டொக்டர் கிளின்ரனிடம் சொன்னார். அவன் முதல் பாதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தான். நோயாளிக்கு முழு உண்மையைச் சொல்லாமல் விடுவதுதானே எங்கள் குடும்பங்களின் பாசம்!

மாதக்கணக்காக வீட்டில் கிடந்தவள் ஒருநாள் மத்தியானம் பாருக்கு வந்து உட்கார்ந்தாள்.

"எங்கடை ரையோடை வேறை ரெண்டு ரையும் ஊத்தித் தாங்கோ. எது எங்கடை எண்டு சொல்லுறன். அதுகூடத் தெரியாட்டி நான் இனி இந்தப் பக்கம் வரமாட்டன்."

கிளின்ரன் உள்ளே போய் மூன்று கிளாசிலும் அதே ரையை ஊற்றினான். அவள் எதைக் காட்டினாலும் சரியாகத்தானே இருக்கும். ஆனால் மனதின் ஓரத்தில் ஒரு ஆசையும் கிடந்தது. நாக்குக்கு உயிர் வந்திருந்தால் அவள் உடனே பிடித்துவிடுவாள். 'ஆருக்கு விளையாட்டுக் காட்டுறியள், மூண்டும் ஒண்டெல்லே' என்று கிழித்துவிடுவாள். மாதாவே, இண்டைக்கு நான் பேச்சு வாங்கவேணும் என்று மன்றாடிக்கொண்டே கிளாசுகளைக் கொண்டுவந்து வைத்தான்.

முதலாவதைக் குடித்து முகம் சுளித்தாள். இரண்டாவதை வாயில் வைத்தபடி கண்ணை மூடினாள். மூன்றாவதைத் தொட்டுவிட்டுத் தள்ளிவைத்தாள்.

"முதலாவது வெறும் தண்ணி. கடைசி அதைவிட மோசம். நடுவிலை இருக்கிறதுதான் எங்கடை."

ஏச்சு வரவில்லை. இனி வரப்போவதும் இல்லை என்று கிளின்ரனுக்கு விளங்கிவிட்டது.

"என்னப்பா, சரியோ?"

"ஓம் அனோ. சரி."

அவள் பொலபொலவென்று அழத் தொடங்கினாள். "சத்தியமாயோ? எனக்கு ஒண்டுமே தெரியேல்லை. குருட்டுவாக்கிலைதான் சொன்னன். ஆனா சரியா வந்திட்டுதே! அப்ப உள்ளுக்கை எங்கையோ கிடக்குது, என்ன?"

அவளைக் கட்டிப்பிடித்து, தன் முகம் தெரியாதபடி தோளில் சாய்த்துக்கொண்டான்.

"ஓம்," என்றான். "கிடக்குது."