ஏரிக்கு இறங்கும் பாதையில் நோரீன்

நோரீனுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. கிளென்ஸ் ஃபால்ஸ் என்ற எங்கள் ஊரில் பழைய ரயில் தடத்தின் மேல் தார் போட்டு, ஜார்ஜ் ஏரிவரை சைக்கிளுக்கும் நடைக்குமாகப் பாதை அமைத்தார்கள். அது அவள் வீட்டுக்குப் பின்னாலேயே போகிறது. ஆனாலும் அவள் அதில் ஓரமாக நடந்ததோடு சரி. பள்ளிக்கூடச் சமையலறையில் கொதிக்கும் சூப் அண்டாவை அலட்சியமாகத் தூக்குகிறவள், புருஷன் வேலையிலிருந்து வரக் கொஞ்சம் தாமதமானால் ஆஸ்பத்திரிக்குப் ஃபோன் போட்டு விசாரிப்பாள். எங்கள் தெருவில் எல்லாரும் இதைச் சொல்லிச் சிரிப்போம்.

பிப்ரவரியில் ஒரு காலை அந்தச் சிரிப்பு நின்றது. காகித ஆலையில் வேலை பார்த்த அவள் புருஷன் ஆர்மண்ட் வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தவன், அப்படியே பனிக்குவியல் மேல் சாய்ந்துவிட்டான். பக்கவாதம். வலக்கைக்கும் வலக்காலுக்கும் பாதி பலம்தான் திரும்பியது. பேச்சில் "ஆமா", "இல்ல", ஒரு கெட்ட வார்த்தை, இவை மட்டுமே மிஞ்சின. தேவாலயத்துப் பாதிரியாரிடம்கூட மூன்றாவதைத்தான் அதிகம் பயன்படுத்தினான்.

கோடையில், சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கும் மூன்று சக்கரச் சைக்கிள் ஒன்றை மகள் வாங்கிக் கொடுத்தாள். பிரேக்குகளை இடக்கைக்கு மாற்றியிருந்தார்கள். ஆர்மண்ட் வீட்டருகே சுற்றினான்; பிறகு ஒரு நாள் ஏரி இருக்கும் திசையில் கையை நீட்டினான்.

"அவ்வளவு தூரமா? நடக்காது."

அவன் மூன்றாவது வார்த்தையைச் சொன்னான்.

கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. அவன் பாதையில் வருவான். அவள் வேனில் சாலை வழியே போய், பாதை சாலையைத் தொடும் இடங்களில் காத்திருப்பாள். ஏரிக்கு முன்னால் பாலத்தருகே ஒரு வண்டி நிறுத்துமிடம் உண்டு. அதற்கப்பால் பாதை காட்டுக்குள் செங்குத்தாக இறங்கும். அந்த இறக்கம் மட்டும் கூடாது. அங்கே சைக்கிளை வேனில் ஏற்றிவிட வேண்டும். பேச முடியாதவனுக்குப் ஃபோன் எதற்கு என்று அதைத் தன் கைப்பையிலேயே போட்டுக்கொண்டாள்.

ஆகஸ்ட் சனிக்கிழமை. முதல் இரண்டு இடங்களிலும் சைக்கிளில் கட்டிய ஆரஞ்சுக் கொடி ஆட அவன் வந்து சேர்ந்தான். கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனான். அதன் பிறகு சாலையில் சுற்றுலாக்காரர்களின் கார்கள் நகரவில்லை. நீச்சல் மிதவைகளைக் கூரையில் கட்டிய வண்டிகளுக்கு நடுவே நோரீன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வியர்த்துக்கொண்டிருந்தாள். பாலத்தருகே வந்தபோது ஆர்மண்ட் அங்கே இல்லை.

இன்னும் வரவில்லையா, வந்து போய்விட்டானா? எதிரே வந்த ஒரு பெண்ணை நிறுத்திக் கேட்டாள்.

"மூணு சக்கர வண்டியில ஒருத்தர், கொடி கட்டியிருப்பாரு. பாத்தீங்களா?"

"நான் ஊர்ப்பக்கம் இருந்துதாங்க வர்றேன். வழியில அப்படி யாரையும் பாக்கலையே."

அப்படியானால் இறக்கத்தில் போயிருக்கிறான். வேன் உள்ளே போக முடியாதபடி பாதையின் வாயில் கம்பம் நட்டிருந்தது. நோரீன் செருப்போடு ஓடத் தொடங்கினாள். கொஞ்ச தூரத்திலேயே மூச்சு முட்டியது.

அங்கே புல்லில் ஒரு வயதான ஜோடி, இருவர் மிதிக்கும் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பீச் பழம் தின்றுகொண்டிருந்தது. கணவர் லைல், மனைவி வெர்னா. நோரீன் திக்கித் திணறிச் சொன்னதைக் கேட்டதும் வெர்னா தன் ஹெல்மெட்டைக் கழற்றி அவள் தலையில் மாட்டினாள்.

"என் முட்டி வலிக்குது, நான் இங்கயே இருக்கேன். நீ ஏறும்மா."

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்க!"

"பின்னாடி உக்கார்றவங்களுக்கு என்ன தெரியணும்?" என்றார் லைல். "என் பொண்டாட்டி முப்பது வருஷமா சும்மாதான் உக்காந்து வர்றா."

"பொய்யி. நான் மிதிக்கலன்னா இவரு வீட்டு வாசலத் தாண்ட மாட்டாரு."

சைக்கிள் இறங்கியது. நோரீன் முன்னால் இருந்த லைலின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். காற்று காதில் இரைந்தது. பழைய போர்க்களத்தின் நினைவுக் கற்கள் ஓடி மறைந்தன. மரங்களிடையே ஏரி நீலமாகத் தெரிந்ததாம், லைல் காட்டினார். அவள் பார்க்கவில்லை. இரண்டு பக்கத்துப் பள்ளங்களையும் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு ஆரஞ்சுக் கொடி கிடப்பதாகத் தோன்றியது.

கொடி பள்ளத்தில் இல்லை. எதிரே, மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தது.

ஆர்மண்டின் முகம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. இடக்கால் மிதிக்க, வலக்கால் இழுபட்டு வர, நத்தைபோல ஊர்ந்து வந்தான்.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!"

சைக்கிள் நிற்குமுன்னே நோரீன் குதித்தாள். முழங்கால் தாரில் சிராய்ந்தது. எழுந்து ஓடி அவன் கழுத்து நாடியில் விரலை வைத்தாள். அவன் கையைத் தட்டிவிட்டான். வாய் கோணியது, உதடு துடித்தது.

"எ... எங்க... போய்த் தொலைஞ்ச?"

ஆறு மாதத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம்.

"நான் தொலைஞ்சேனா? நானா?" என்று கத்தினாள், கத்தும்போதே அழுகை வந்துவிட்டது. "திரும்பச் சொல்லு. திட்டு, இன்னும் திட்டு."

"எங்க... போன?"

நடந்தது மெல்ல விளங்கியது. பாலத்தருகே அவளைக் காணாமல், கீழே ஏரிக்கரையில் இருக்கும் பழைய கோட்டைக்கே போய்விட்டாள் போலும் என்று அவன் இறங்கியிருக்கிறான். அங்கும் இல்லை. விபத்தில் மாட்டிக்கொண்டாளோ என்று பதறி, கண்டவர்களிடமெல்லாம் கையை ஆட்டியிருக்கிறான். ஒரு குடும்பம் அவன் படம் எடுத்துக்கொள்ள விரும்புவதாக நினைத்து, இடிந்த கோட்டைச் சுவரருகே நிற்கவைத்துப் படம் பிடித்திருக்கிறது. அதன் பிறகுதான் அவளைத் தேடி மேட்டில் ஏறத் தொடங்கியிருக்கிறான்.

"உங்க ரெண்டு பேரையும் சேத்துக் கட்ட ஒரு கயிறு வாங்கித் தரணும்" என்றார் லைல்.

மேலே ஏற அவனிடம் தெம்பில்லை. சைக்கிளை ஏரிப் பக்கமே திருப்பினார்கள். நோரீன் இருக்கையின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து, தன் உடல் எடையையே பிரேக்காக்கி, ஏரிக்கரைவரை பின்னாலேயே நடந்தாள். வழிநெடுக அவன் "விடு, விடு" என்றான். அது புது வார்த்தை. அவள் விடவில்லை.

திங்கட்கிழமை டாக்டர் இருவரையும் நன்றாகத் திட்டினார். பேச்சுப் பயிற்சி தரும் பெண்ணோ, கோபம் வரும்போது சொல் வருகிறது என்று கண்டுகொண்டு, வேண்டுமென்றே அவனை வம்புக்கு இழுத்தாள். அடுத்த பனிக்காலத்துக்குள் சின்னச் சின்ன வாக்கியங்கள் வந்தன. முழுப்பேச்சு இன்னும் திரும்பவில்லை.

இப்போதும் ஆர்மண்ட் சனிக்கிழமைகளில் போகிறான். கழுத்தில் ஃபோன் தொங்குகிறது. நோரீன் பாலத்தருகே வேனை நிறுத்தி, காப்பியைக் குடிக்காமல் ஆறவிட்டு, மரங்களுக்கு இடையே பார்த்தபடி நிற்கிறாள். தெரிந்தவர்கள் யாராவது, "அவன்தான் நல்லா ஓட்டுறானே, இன்னும் என்ன பயம்?" என்று கேட்டால், "பேசாம இருங்க, நான் பாத்துக்கிட்டிருக்கேன்" என்பாள்.