மலை அசையாது என்ற நடேசலிங்கம் மாஸ்டர்

நடேசலிங்கம் மாஸ்டர் காலமாகிவிட்டார் என்ற செய்தியைப் பசறை பஸ் நிலையத்தில் வைத்து எங்கள் பாடசாலை அதிபர்தான் சொன்னார். சொன்ன கையோடு, "நினைவு மலருக்கு நீங்கதான் எழுதணும் டீச்சர். பக்கத்து வகுப்புல இத்தன வருசம் படிப்பிச்சிருக்கீங்க. நல்லதா நாலு வார்த்தை எழுதிக் கொடுங்க" என்றார். நாலு தேறுமா என்று தெரியவில்லை. இருப்பதை எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் கிழித்துப் போடட்டும்.

அவர் யாழ்ப்பாணத்தவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்குப் புவியியல் ஆசிரியராக வந்தார். நான் அதே தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து கணிதம் படிப்பிக்க வந்தவள். பூமியின் உள்ளடுக்குகளைக் கற்பிக்கும் நாளில் பிள்ளைகளிடம் அவித்த முட்டை கொண்டுவரச் சொல்வார். ஓடுதான் நாம் நிற்கும் தரை, வெள்ளைக்கரு அதன் கீழே கொதிக்கும் பாறை, மஞ்சள்கரு நடுவிலுள்ள இரும்பு. பாடம் முடிந்ததும் உப்புத் தூவிப் பூமி முழுவதையும் தின்றுவிடுவார். கொழுந்து பறிக்கிறவர்கள் வீட்டில் தினமும் முட்டை அவிவதில்லை என்பது அவர் அறிவுக்கு எட்டவேயில்லை. வாய் பார்க்கும் பிள்ளைகளிடம், "என்ன பாக்கிறியள்? படத்தைக் கொப்பியில கீறுங்கோ" என்பார்.

பாடம் நன்றாகவே நடத்தினார், அதையும் சொல்லிவிட வேண்டும். இலங்கையும் இந்தியாவும் ஆபிரிக்காவும் ஒட்டிக் கிடந்து பிரிந்த கதையை, வரைபடத்தைக் கத்தரித்துக் காட்டுவார். கண்டங்கள் நகம் வளரும் வேகத்தில் நகர்கின்றன என்பார். அந்த அறிவோடு அவர் எங்களைப் பார்த்த பார்வைதான் சகிக்காது. அதிபர் முதற்கொண்டு நாங்கள் எல்லோரும் அவருக்கு அரிவரிப் பிள்ளைகள்.

ஒரு மழைக்காலத்தில் மேட்டு லயத்துக்குப் பின்னால் மலைச் சரிவில் வெடிப்பு விழுந்தது. கை நுழையும் அகலம். லயத்தின் பின்சுவரிலும் வெடிப்பு ஏறியிருந்தது. என் அக்கா பாக்கியம் பிள்ளைகளோடு அந்த லயத்தில்தான் இருந்தாள். எங்கள் ஆட்களின் தோட்டத் தலைவர், தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் போய், பாடசாலைக்குப் பக்கத்துச் சமதரையில் குடிசை போட இடம் கேட்டார். துரைக்குக் கொடுக்க மனமில்லை. பூமியைப் பற்றிப் படித்தவர் பாடசாலையிலேயே இருக்கிறார், அவர் ஆபத்து என்றால் தருகிறேன் என்றார். எங்கள் ஆட்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. பூமிப் பாடம் படிப்பிக்கிறவருக்குப் பூமி வெடித்தால் தெரியாதா?

மாஸ்டர் துரையின் பங்களாவில் தேநீர் குடித்துவிட்டு, சப்பாத்தில் சேறு படாமல் அவரோடு லயத்து வாசலில் வந்து நின்றார். "இலங்கை புவித்தட்டின்ர நடுவில இருக்கு. பழைய பாறை. இது அசையாது. சுவர் கட்டினவன் சீமெந்தைக் குறைச்சிட்டான், அவ்வளவுதான்."

"பாறை கெடக்கட்டும் சேர். இது மேல்மண்ணுல்ல? தண்ணியக் குடிச்சு ஊறி நிக்குதே" என்றேன்.

"டீச்சர், நீர் உம்முடைய கணக்கைப் பாரும்."

துரை நிம்மதியாகப் போனார். அக்கா மண் குழைத்து வெடிப்பை அடைத்தாள்.

மழை விடவில்லை. ஒரு காலையில், ஆட்கள் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் புறப்படும் நேரம், மலை இறங்கியது. பிள்ளைகள் தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போயிருந்தார்கள். அக்கா அடுப்படியில் இருந்தாள். மண்ணை வெட்டித்தான் அவளை எடுத்தோம்.

அக்காவின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு மாஸ்டர் வந்தார். அழுவார் என்று ஒரு கணம் எதிர்பார்த்தேன். "டீச்சர், நடந்தது மண்சரிவு. நான் சொன்னது புவித்தட்டைப் பற்றி. ரண்டும் வேற வேற" என்றார். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். அன்றிலிருந்து அவரை அருவருத்தேன்.

சுனாமிக்குப் பிறகு அவருக்கு யோகம் அடித்தது. பண்டாரவளையில் கூட்டம், வெலிமடையில் கூட்டம். புவித்தட்டுகள் முட்டும் விதத்தை இரண்டு கைகளாலும் காட்டுவார், சனம் கைதட்டும். பொன்னாடைகளை மடித்துக்கொண்டு அடுத்த பஸ் ஏறுவார். எங்கள் லயத்தைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் மூச்சு விட்டதில்லை.

அவர் ஓய்வுபெற்ற பிறகு கீழ் லயத்துக்குப் பின்னால் ஒரு வெடிப்புக் கண்டது. எங்கள் ஆட்களுக்கு இன்னும் புத்தி வரவில்லை, மறுபடியும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். நான் வேடிக்கை பார்க்கத்தான் போனேன். இந்த முறை அவர் பாடம் நடத்தவில்லை. சேற்றில் முழந்தாளிட்டு, வெடிப்புக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

"எழும்புங்கோ. இண்டைக்கே எல்லாரும் எழும்புங்கோ."

"எப்போது சரியும்?" என்று புதிய துரை கேட்டார்.

"எனக்குத் தெரியாது."

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். துரை முணுமுணுத்தபடி இடம் கொடுத்தார். ஆட்கள் தகரக் கொட்டில்களுக்குப் போனார்கள். மழை பெய்து ஓய்ந்தது. மலை சரியவில்லை. அடுத்த மழைக்கும் சரியவில்லை. பிள்ளைகள் இருமும்போதெல்லாம் தாய்மார் அவரைத் திட்டினார்கள். "கண்டம் நகந்திருச்சா மாஸ்டர்?" என்று கடைத்தெருவில் இளந்தாரிகள் கேலி செய்தார்கள்.

கடைசியாகப் பசறை பஸ்ஸில் கண்டேன். பக்கத்தில் இடம் விட்டார். "நான் சொன்னது பிழை எண்டு எல்லாரும் சொல்லுகினம், டீச்சர்" என்றார்.

"ஆமாங்க சேர். பிழைதான்."

"இருக்கட்டும்" என்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதிபர் கேட்ட நல்ல வார்த்தை இதுதான். சரியாகவே சொல்லிக்கொண்டிருந்த மனிதருக்கு என்னிடம் ஒரு பூக்கூடக் கிடையாது. பிழையாகச் சொன்ன அந்த ஒரு நாளுக்காகக் கும்பிடுகிறேன். கீழ் லயம் ஆளில்லாமல் அப்படியே நிற்கிறது, பின்னால் மலையும் நிற்கிறது.

போய் வாருங்கள், சேர். அங்கே என் அக்காவைக் கண்டால், விளக்கம் எதுவும் சொல்லாதீர்கள்.