மூன்று நாள் அறை

அந்தப் பலகை இப்போது என் வீட்டுப் புத்தக அலமாரிக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி நிற்கிறது. ஒரு முழ நீளம், வெள்ளைப் பிளாஸ்டிக், நீல எழுத்தில் ‘தாய்ப்பாலூட்டும் அறை’. ஓரத்தில் தாயும் சேயுமாக ஒரு கோட்டுப்படம். தாய்க்கு முகம் வரையவில்லை. திருப்பினால் நாலு மூலையிலும் ஒட்டுநாடா, அதோடு பிய்ந்து வந்த ரோஜா நிறச் சுவர்ப்பூச்சு. ஆணி அடித்த தடம் ஒன்றுகூட இல்லை. கழற்றத்தான் போகிறோம் என்று ஒட்டியவர்களுக்கு அன்றே தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரகடம் தாண்டி, நெல் விளைந்த இடத்திலெல்லாம் தகரக் கூரைகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். இரண்டு தொழிற்சாலைச் சுவர்களுக்கு நடுவில் எங்கள் பல்கலைக்கழகம். நான் அங்கே ஆங்கிலம் நடத்தினேன். வேதியியல் சோதனைக்கூடத்து உதவியாளரை மாணவர்கள் முதல் துறைத்தலைவர் வரை லேப் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். என்னைவிடப் பத்து வயது இளையவள், ஆனாலும் எனக்கும் அக்காதான். பக்கத்துக் கிராமத்துக்காரி. மூன்று மாதப் பிரசவ விடுப்பு முடிந்து வந்தபோது, வெள்ளைக் கோட்டின் மார்பில் ஈரமாக இரண்டு வட்டங்கள். பையன்கள் சிலர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். “டிஸ்டில்டு வாட்டர்பா, கொட்டிக்கிச்சி. இன்னா, பிப்பெட்ல புடிச்சி அளக்கணுமா?” என்று கேட்டு அவர்களைக் குனியவைத்தாள்.

குழந்தையைப் பகலில் அவளுடைய நாத்தனார் பார்த்துக்கொண்டாள். கார்க் கண்ணாடித் துடைப்பான் செய்யும் கம்பெனியில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்து, குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு அரைத்தூக்கம் தூங்குகிறவள். குழந்தைக்குப் பவுடர் பால் சேரவில்லை, கொடுத்ததையெல்லாம் கக்கியது. இங்கே தாயோ இரண்டு மணி நேரத்துக்கொருமுறை கழிப்பறைக்குப் போய், நின்றபடி பாலைப் பீய்ச்சி வாஷ்பேசினில் விட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். ஒருநாள் நான் கை கழுவப் போய்ப் பார்த்துவிட்டேன். பாட்டிலில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதா என்று கேட்டேன். “கக்கூஸ்ல புடிச்ச பால கொயந்தைக்கு எப்டி மேடம் குடுக்கறது? ஒரு ரூமு, ஒரு தாப்பா. அது இருந்தா போதும், என் புள்ள பொழச்சிக்கும்.” குழாய் மூடிய பிறகும் பேசினின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு நின்றது. அவள் அதை விரலால் வழித்துத் துடைத்தாள்.

அந்த ஆண்டு தரம் பார்க்க ஆய்வுக் குழு வரவிருந்தது. ஆங்கிலக்காரி என்பதால் கோப்பு எழுதும் வேலை என் தலையில். வளாகத்தில் என்னென்ன வசதி உண்டு என்ற பட்டியலில் ஒரு வரி: பாலூட்டும் தாய்மார்களுக்கு அறை. பழைய விடைத்தாள் கட்டுகள் கிடந்த அறையை இரண்டே நாளில் காலி செய்து ரோஜா நிறம் அடித்தார்கள். விருந்தினர் விடுதியிலிருந்து ஒரு சோபாவும் சின்ன பிரிட்ஜும் வந்தன. திரை தொங்கியது. பலகை ஒட்டப்பட்டது. நிர்வாக அலுவலர் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எல்லாம் சரி. காலியா இருந்தா நம்பமாட்டாங்களே. யாராவது உக்காந்திருக்கணும்.” லேப் அக்காவின் பெயரைச் சொன்னது நான்.

நல்லது செய்கிறோம் என்றுதான் ஓடினேன். சத்தியமாக.

“மூணு நாளைக்குக் குழந்தையைக் கொண்டு வாங்க. கேட்டா, தினமும் இங்கதான் பால் குடுக்கறேன்னு சொல்லுங்க.”

“பொய்யா மேடம்?”

“இப்ப பொய். அப்புறம் அதுவே நெசமாயிடும். ரூம் உங்களுக்குத்தான்.”

ஷேர் ஆட்டோவில் குழந்தையோடு வந்து இறங்கினாள் நாத்தனார், கம்பெனிச் சீருடையோடு, கண் சிவந்து. அறையைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “இன்னா அண்ணி, உனுக்கு சோபாவா? எங்க லைன்ல கொஞ்சம் சாஞ்சி நின்னாலே சூப்பர்வைசர் மூஞ்சி எட்டு கோணலா போவுது. நீ காலேஜ் மகாராணிதான் போ.” சொல்லிவிட்டுத் தரையிலேயே துப்பட்டாவை விரித்துத் தூங்கிப்போனாள். லேப் அக்கா சோபாவைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “தாப்பா கீது மேடம்” என்றாள். உள்ளிருந்து ஒருமுறை போட்டு, திறந்து, மறுபடி போட்டுப் பார்த்தாள். அந்த மூன்று நாளும் குழந்தை வயிறு நிறையக் குடித்தது. மிச்சத்தை எவர்சில்வர் பாட்டிலில் பிடித்து பிரிட்ஜில் வைத்து மாலையில் எடுத்துப்போனாள். இரண்டாம் நாள் குழுவிலிருந்த அம்மாள் ஒருவர் கதவைத் தட்டி, உள்ளே வந்து, தமிழிலேயே கேட்டார்: “தினமும் இந்த ரூம் கிடைக்குதாம்மா?” லேப் அக்கா என்னைப் பார்த்தாள். “தெனமும் மேடம்” என்றாள். புகைப்படம் எடுத்தார்கள். அதன்கீழ் ‘பயன்பாட்டில் உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நான்காம் நாள் காலை சோபாவைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் என்னைக் கடந்து போனார்கள். மதியத்துக்குள் விடைத்தாள் கட்டுகள் திரும்பி வந்துவிட்டன. லேப் அக்கா பாட்டிலும் கையுமாக வந்து நின்றாள். “பூட்டிகீறாங்க மேடம்.”

நிர்வாக அலுவலரிடம் போனேன். “அடுத்த விசிட் அஞ்சு வருஷம் கழிச்சு மேடம். ஒரு ஆளுக்கு ஒரு ரூமா? இன்னிக்கு இவங்க, நாளைக்குக் கேண்டீன்ல பாத்திரம் கழுவறவ கேப்பா. வேணும்னா எழுதிக் குடுங்க, மேல அனுப்பறேன்.” எழுதிக் கொடுப்பதா! கோப்பு முழுக்க எழுதிய கைக்கு அந்த ஒரு பக்கம் வரவில்லை. அறை இல்லை என்று எழுதினால், இருக்கிறது என்று போட்ட கையெழுத்து என்ன ஆகும்? பேனாவைத் திறந்தேன், மூடினேன். “சொல்லியிருக்கேன், பாக்கலாம்” என்று அவளிடம் சொன்னேன். அதன்பிறகு வகுப்புக்குப் போக சோதனைக்கூடம் வழியாக இல்லாமல் மைதானத்தைச் சுற்றிப் போகக் கற்றுக்கொண்டேன்.

செய்முறைத் தேர்வுகள் வந்தன. வெளித்தேர்வாளர் உட்கார்ந்திருக்கும் மூன்று மணி நேரமும் உதவியாளர் அசையக் கூடாது. காலையில் ஒரு அணி, மதியம் ஒரு அணி. பால் கட்டிக் கல்லாகி, காய்ச்சலோடு நின்றிருக்கிறாள். ஈரத்துணியைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு மாணவர்களுக்கு உப்பு எடுத்துக் கொடுத்திருக்கிறாள். நாலாம் நாள் கையிலிருந்த குடுவை விழுந்து உடைந்தது; பிறகு அவளும் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் மார்பைக் கீறிச் சீழ் எடுத்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து வந்தாள். கோட்டு காய்ந்து, மடிப்புக் கலையாமல் இருந்தது. “இப்ப ஒரு தொல்லையும் இல்ல மேடம். வத்திப்போச்சி” என்றாள். சிரித்தாள்கூட. “கோட்ட டெய்லி தோய்க்கற வேல மிச்சம்.” குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “ஆசுபத்திரிக்கும் வூட்டுக்கும் நடக்குது” என்றாள், நடக்கப் பழகாத குழந்தையை. நான் கொடுத்த வாக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதிலுக்கு அழுதிருப்பேன், அதோடு தீர்ந்திருக்கும். அந்த வசதியையும் எனக்கு அவள் தரவில்லை.

பிறகு வேலையை விட்டு நாத்தனாரின் கம்பெனியிலேயே லைனுக்குப் போய்விட்டாள். படப்பையில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றபோது ஒருமுறை பார்த்தேன். கையில் அந்தப் பெண் குழந்தை. குழந்தையின் வளையல் முழங்கை வரை ஏறி நின்றது, அவ்வளவு மெல்லிய கை. “இந்த மேடம்தான் உனுக்கு சோபா போட்டுக் குடுத்தாங்க” என்று குழந்தைக்கு என்னைக் காட்டினாள். அந்தக் குரலில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை தேடுகிறேன். இல்லை. இருந்திருக்கலாம்.

நான் வேலையை விட்ட அன்று ஆய்வுக் கோப்புகள் இருந்த பீரோவைக் காலி செய்தபோது, செய்தித்தாளில் சுற்றிய பலகை அகப்பட்டது. அடுத்த முறைக்கென்று யாரோ பத்திரப்படுத்தியிருந்தார்கள். பைக்குள் போட்டுக்கொண்டேன். திருட்டுதான். இது இல்லாவிட்டால் இன்னொரு பொய்யை ஒட்ட முடியாது என்று நம்புகிற அளவுக்கு அன்று நான் முட்டாள்.

ஐந்து வருடம் முடிந்த தருணத்தில், என் இடத்துக்கு வந்த பெண் தொலைபேசியில் அழைத்தாள். அவள் கேட்கும்போது பலகை என் எதிரில், எழுத்தெல்லாம் தெரிய நின்றுகொண்டிருந்தது.

“மேடம், விசிட் வருது. மதர்ஸ் ரூம் போர்டு ஒண்ணு இருந்துச்சாமே, எங்கன்னு தெரியுமா?”

“தெரியாதும்மா.”

“பரவால்ல மேடம், புதுசு அடிக்கக் குடுத்துட்டோம். பெயின்ட்டும் ஆரம்பிச்சாச்சு. குழந்தைதான் இன்னும் கிடைக்கல.”

பேச்சு முடிந்ததும் எழுந்துபோய் பலகையை அலமாரிக்குப் பின்னால் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.