ஆறிப்போன பிளேன்டீ

சிகரட்டை விட்டு இன்று நாற்பதாவது நாள்.

டொக்டர் மிரட்டினார், மகள் அழுதாள். நான் அசையவில்லை. பிறகு எனக்கு நானே ஒரு சட்டம் போட்டேன். ஆசை வந்தால் முதலில் ஒரு தேவாரப் பதிகத்தை முழுதாக வாசிக்க வேண்டும். அதன் பிறகும் ஆசை இருந்தால் பற்றவைக்கலாம். இதுவரை பற்றவைக்கவில்லை.

இன்று காலை கொழும்பு வெள்ளவத்தையில், நான் வழக்கமாகப் போகும் முஸ்லிம் நானாவின் தேநீர்க் கடையில் பிளேன்டீ கேட்டேன். பழைய பழக்கத்தில் அவர் ஒரு சிகரட்டையும் சேர்த்து வைத்தார். அது எப்படி என் வாய்க்குப் போனதோ தெரியாது.

தீப்பெட்டி தேடிய கையில் சட்டைப்பையிலிருந்த தேவாரப் புத்தகம் தட்டுப்பட்டது. சிகரட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, நின்றபடியே வாசித்தேன்.

"ஐயா, டீ ஆறுது. பாட்ட பொறகு படிங்களே."

"பதினொரு பாட்டு நானா. முடிக்காமல் பத்தவைக்க மாட்டன்."

முடித்தபோது ஆசை போயிருந்தது. சிகரட்டைத் திருப்பி நீட்டினேன்.

"வாயில வெச்சத நான் யாருக்கு விக்கிற?" என்று முறித்துக் குப்பைவாளியில் போட்டார். அப்பாடா என்றிருந்தது.

ஆனால் ஆறிய டீயை மாற்றித் தர மாட்டாராம். கேளாமல் சிகரட் வைத்தது அவர்தானே? நியாயத்தை நீங்களே சொல்லுங்கள். எனக்கு எதிராகச் சொல்பவர்களோடு வாதாட இப்போது போதிய மூச்சு இருக்கிறது.