முத்துமணிக்கு வளர்த்த புல்

எங்கள் தெருவில் வந்து அப்பய்யா வீடு எது என்று கேட்டால் மூன்று வீட்டைக் காட்டுவார்கள். புல்லுக்கார அப்பய்யா என்று கேட்டால் என் வீட்டை மட்டும் காட்டுவார்கள், காட்டிவிட்டுச் சிரிப்பார்கள். தறிக்குழியில் முப்பது வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். என் கையால் நெய்த சேலை மதுரைக் கடைகள் வரைக்கும் போயிருக்கிறது. அதை ஒருத்தரும் சொல்வதில்லை. குடிக்க நல்ல தண்ணீர் தேடிக் குடத்தோடு அலைகிற அருப்புக்கோட்டையில் வீட்டு முன்னால் புல் வளர்த்தவன் என்ற பெயர்தான் நிலைத்துவிட்டது. யாரையும் குறை சொல்ல முடியாது, நானாகத் தேடிக்கொண்டது.

சண்டைக் காலத்தில் இரண்டு வருஷம் பெங்களூர் பட்டாளத்தில் இருந்தேன். பட்டாளம் என்றதும் யாரும் துப்பாக்கியை நினைத்துவிட வேண்டாம். ஒரு வெள்ளைக்காரக் கேப்டன் வீட்டில் எடுபிடி வேலை. அந்த வீட்டுக்கு முன்னால் பச்சைப் பசேலென்று ஒரு புல்தரை இருந்தது. லான் என்பார்கள். அதைக் கவனிக்க ஒரு தோட்டக்காரர் தனியாக உண்டு. என்னுடைய உத்தியோகம், வெயில் நகர நகர கேப்டனுடைய அம்மாளின், அதாவது அவர் மனைவியின் நாற்காலியை நிழலுக்கு நகர்த்துவது. நாற்காலி தூக்கும் நேரம் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லை மிதிக்கலாம். மற்ற நேரமெல்லாம் ஓரமாகத்தான் போக வேண்டும், மீறினால் அந்த அம்மாள் போடுகிற சத்தம் அடுத்த பங்களாவுக்குக் கேட்கும்.

நாற்பத்தாறில் ஊருக்குத் திரும்பினேன். காப்பிக் கடையில் நாலு பேர் சூழ்ந்துகொண்டு, "பட்டாளத்துல என்ன வேல பாத்தீக?" என்று கேட்டார்கள். நாற்காலி நகர்த்தினேன் என்று எந்த வாயால் சொல்வது? "லானு இன்சார்ஜ்" என்று சொல்லிவிட்டேன். லான் என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. அதனால் மரியாதை கூடியது.

வீட்டில் என் மரியாதையைப் பார்க்க யாருக்கும் பொழுதில்லை. நான் பெங்களூரில் நாற்காலி நகர்த்திக்கொண்டிருந்தபோது இங்கே என் மகள் முத்துமணிக்கு ஒரு காய்ச்சல் வந்து, இடது கால் சூம்பிப் போயிருந்தது. நான் வந்தபோது அவளுக்கு மூன்று வயது. உட்கார்ந்தபடியே தரையில் தேய்த்துத் தேய்த்து நகர்வாள். என் மனைவி லிங்கம்மாள் இதைக் கடிதத்தில் எழுதச் சொல்லவில்லை. எழுதினால் மட்டும் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டாள்.

ஆவணி மாதம் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே ஒரு டாக்டரம்மா காலை நீட்டி மடக்கிப் பார்த்துவிட்டு, "கால்ல கொஞ்சம் பலம் இருக்கு. விழுந்திருவோம்ங்கிற பயந்தான் பெருசா இருக்கு. தினம் எண்ணெய் போட்டு நீவி விடுங்க. மெத்துனு இருக்கிற தரையில நிக்க வச்சுப் பழக்குங்க. அஞ்சு வயசுக்குள்ள நடந்தாத்தான் உண்டு," என்றார். எங்கள் வீட்டு வாசல் முழுக்கச் சரளைக் கல். முத்துமணி இரண்டு தடவை நிற்கப் பார்த்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டவள்.

கரியில் ஓடுகிற பஸ்ஸில் திரும்பி வரும்போதே லிங்கம்மாள் வழி சொன்னாள். "திருச்சுழியில எங்கண்ணன்கிட்டச் சொன்னா ரெண்டு வண்டி ஆத்து மணலு கொண்டாந்து தட்டிருவாக. வாசல்ல பரப்பிவிட்டாப் போச்சு."

சரியான யோசனை. அதைச் சரி என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எங்கள் தெருக்காரர், அவருக்கு நான் லானு இன்சார்ஜ். "மணலா? எம் மகளுக்கு லானே போடுதேன்," என்று அவருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். லிங்கம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எங்களுடையது தெருக்கோடி வீடு. முன்னால் எட்டு முழ அகலமும் பதினாறு முழ நீளமுமாகக் காலி இடம். அப்போது சர்க்கார் நூலை அளந்து கொடுத்த கண்ட்ரோல் காலம், மாதத்தில் பாதி நாள் தறி சும்மா கிடந்தது, வேலை செய்யக் கையும் சும்மா இருந்தது. சரளையைக் கொத்தி அள்ளி ஓரமாகப் போட்டேன். புல்லுக்கு எம்.ரெட்டியபட்டியில் விவசாயம் பார்க்கிற சம்சாரி சோலைச்சாமியிடம் போனேன். பருத்திக் காட்டில் அருகம்புல்லைக் கடப்பாரை போட்டுத் தோண்டி வரப்பில் குவித்திருந்தார். இதைக் கொடுங்கள், வீட்டு முன்னால் நடப் போகிறேன் என்றேன். அவர் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து சிரித்தார்.

"ஏலே அப்பய்யா, இந்தச் சனியனக் கொல்ல முடியாம எங்க பாட்டன் செத்தாரு, எங்கய்யா செத்தாரு. நீ நட்டு வளக்கப் போறியா?"

வண்டி நிறைய ஏற்றி அவரே கொண்டுவந்து கொட்டினார். காசு வாங்கவில்லை. வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் எதற்கு என்று சொல்லிக்கொண்டே வந்ததால், நடுகிற அன்று வேடிக்கை பார்க்க நல்ல கூட்டம்.

ஐப்பசி மழை கைகொடுத்தது. மழை நின்ற பிறகு தண்ணீருக்கு வழி? கிணற்றில் குடத்தோடு பெண்கள் வரிசையில் நிற்கும்போது, புல்லுக்கு என்று ஒரு வாளி இறைத்தால் என்னையும் சேர்த்துக் கிணற்றில் இறக்கிவிடுவார்கள். அதனால் ஒரு சட்டம் போட்டேன். நானோ வீட்டுக்கு வருகிற ஆண்களோ யாரும் பின்னால் குளிக்கக் கூடாது, முன்னால் புல்லின் மேல் நின்றுதான் குளிக்க வேண்டும். அதுவும் திங்கட்கிழமை கிழக்கு மூலை, செவ்வாய்க்கிழமை மேற்கு மூலை என்று முறை வைத்து. கலியாணப் பத்திரிகை வைக்க வந்த ஒருவரை, "வெயில்ல வந்திருக்கீக, குளிச்சிட்டுச் சாப்பிடலாம்" என்று கூப்பிட்டு வறண்ட மூலையில் நிறுத்தினேன். அவர் அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்கும் எங்களுக்குப் பத்திரிகை வைக்கவில்லை.

புல் பிடித்தது. ஆனால் ஒல்லியாக, படுத்துக்கொண்டே வளர்ந்தது. கேப்டன் வீட்டுப் புல் நிமிர்ந்து நிற்கும். இது ஏன் நிற்கவில்லை என்று யோசித்தேன். இங்கேதான் நெசவுக்காரன் புத்தி வேலை செய்தது. நாங்கள் சேலைக்கு நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலைத் தெருவில் இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, பிரஷால் நீவிக் காயவிடுவோம். துவண்டு கிடந்த நூல் விறைப்பாக நிற்கும். நூலுக்கு ஆவது புல்லுக்கு ஆகாதா? பாவு போட்ட வீடுகளில் மிச்சமான கஞ்சியையெல்லாம் வாங்கிவந்து ஊற்றினேன். ஊற்றியதோடு விட்டேனா, பாவு நீவுகிற பிரஷை எடுத்து ஒரு பக்கமாக நீவியும் விட்டேன். மறுநாள் காலையில் புல் நிமிர்ந்து நின்றது. தெருவைக் கூட்டிக் காட்டினேன்.

மூன்றாம் நாள் கட்டெறும்பு வந்தது. அதற்கடுத்து ஊர்க் கோழிகள் வந்து கிளறின. நாய்கள் வந்து நக்கின. ஒரு வாரத்தில் புளித்த வாடை தெருமுனை வரைக்கும் அடித்தது, பத்தாம் நாள் புல் வெளுத்து, பிசுபிசுவென்று கையோடு வந்தது. எறும்புக்குப் பயந்து முத்துமணியை அந்தப் பக்கமே இறக்க முடியவில்லை. மூன்று மாதம் போயிருந்தது, பிள்ளை ஒரு தடவை கூட நிற்கவில்லை.

"இப்பவாச்சும் மணலு கொண்டாரச் சொல்லட்டுமா?" என்றாள் லிங்கம்மாள்.

இப்போது விட்டால் ஊர் சிரிக்கும் என்றேன். ஏற்கனவே சிரித்துக்கொண்டுதான் இருந்தது, எனக்குத்தான் கேட்கவில்லை.

சோலைச்சாமியிடமே திரும்பப் போனேன். கஞ்சி ஊற்றிய விஷயத்தைக் கேட்டு அவர் சிரித்து முடிக்கும் வரைக்கும் காத்திருந்தேன். பிறகு, புல்லைக் கொல்லவே பிறந்த அந்த மனிதர் அதை வளர்க்க வழி சொன்னார். "மேல் மண்ண ஒரு சாணு வழிச்சு எறி. கம்மாய்க் கரம்பை வண்டலும் மக்கின ஆட்டுப் பிழுக்கையும் கலந்து போடு. நல்ல கணுவாப் பாத்து நடு. கோரை தல காட்டுனா கிழங்கோட பிடுங்கு. விடியக்கருக்கல்ல தண்ணி விடு. நுனிய மட்டும் நறுக்கு, மொட்டையடிக்காத. பெறகு ஒண்ணுஞ் செய்யாம சும்மா இரு. அதுதான் ஒனக்குக் கஷ்டம்."

சொன்னபடியே செய்தேன். நூல் நறுக்குகிற கத்தரியால் நுனியை நறுக்கினேன். லிங்கம்மாளின் அம்மிக் குழவியை உருட்டி மண்ணை அமுக்கினேன். அதனால் இரண்டு நாள் அரைக்காத குழம்பு சாப்பிட்டோம். தை பிறந்தபோது புல் வந்துவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, கேப்டன் வீட்டுப் புல் அதன் பக்கத்தில் நிற்காது. விரலை விட்டால் மண் தட்டாத அடர்த்தி. காலையில் எழுந்ததும் அதைப் பார்ப்பேன், ராத்திரி படுக்குமுன் அதைப் பார்ப்பேன். ஆடு வந்தால் கத்தினேன், கோழி வந்தால் கத்தினேன், பந்து எடுக்க வந்த தெருப் பிள்ளைகளைப் பார்த்துக் கத்தினேன். தமிழில் ஒரு தடவை, நாங்கள் வீட்டில் பேசுகிற கன்னடத்தில் ஒரு தடவை, பெங்களூரில் கேட்ட இங்கிலீஷில் ஒரு தடவை. எல்லாம் ஒரே பேச்சுதான், மிதிக்காதே.

அந்த மாதக் கடைசியில் ஒரு நாள் கடைக்குப் போய்விட்டு வந்தேன். லிங்கம்மாள் புல்லின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு முத்துமணி நின்றாள். ஆமாம், நின்றாள். இடது குதிகாலை அழுத்தி ஊன்றியிருந்தாள். நான் பார்த்தது அந்தக் குதிகாலை அல்ல. அதற்கடியில் பிய்ந்துகொண்டிருந்த ஒரு கொடியைப் பார்த்தேன்.

"ஏய், மிதிக்காத" என்று கத்திவிட்டேன்.

பிள்ளை அப்படியே உட்கார்ந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குப் புத்தி வந்திருக்குமோ என்னவோ.

லிங்கம்மாள் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள். "இது யாருக்கு வச்ச புல்லு?"

"அவளுக்குத்தான். வேரு பிடிக்க வேணாமா? இன்னும் ரெண்டு மாசம் பொறு. பெங்களூர்லயும் புதுப் புல்ல மிதிக்க விடமாட்டாக," என்றேன். இதைச் சொன்னது நான்தான், வேறு யாருமில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவள் பிள்ளையோடு திருச்சுழிக்கு, தன் அண்ணன் சென்னய்யா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் பஸ் ஏற்றிவிடவில்லை. அது தண்ணீர் விடுகிற நேரம்.

பிறகு வந்த ஐம்பது நாளும் என் வாழ்க்கையிலேயே பெரிய மரியாதைக் காலம். நரிக்குடியிலிருந்துகூட ஆட்கள் வந்து பார்த்தார்கள். கோடு கிழித்து, அதற்கு அந்தப் பக்கம் நிற்க வைத்து விளக்கம் சொல்வேன். சாப்பாட்டைக் கூடப் புல்லைப் பார்த்தபடிதான் சாப்பிட்டேன். இடையில் நூல் வாங்க டவுனுக்கு வந்த சென்னய்யா மச்சான் வீட்டுக்கு வந்தார்.

"மாப்ள, புள்ள நாலு அடி வச்சிட்டா. எங்க வீட்டுக்குப் பின்னால ஆத்து மணலுதான. விழுவா, எந்திரிப்பா, ஒரு பயமுமில்ல," என்றார்.

"அப்படியா, நல்லது. புல்லு நாலு விரக்கடை வளந்திருக்கு, பாத்தீகளா?" என்றேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சாப்பிடாமல் போய்விட்டார். அவர் போன பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது என் காதில் விழுந்தது. அன்று ராத்திரி படுக்குமுன் புல்லைப் பார்க்கப் பிடிக்கவில்லை. மகள் எடுத்து வைத்த முதல் அடியைத் திருச்சுழியில் எவன் எவனோ பார்த்திருக்கிறான், தகப்பன் பார்க்கவில்லை.

மறுநாளே திருச்சுழிக்குச் சொல்லி அனுப்பினேன். பங்குனியில் ஒரு மத்தியானம் வந்தார்கள். நான் வாசல்படியில் நின்றேன். தெருமுனையில் லிங்கம்மாள் பிள்ளையை இறக்கிவிட்டாள். முத்துமணி நடந்து வந்தாள். இடது காலை லேசாக இழுத்து, ஒரு கையை அகல விரித்து, யாரையும் பிடிக்காமல் வந்தாள். புல்லுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். இரண்டு கையையும் நீட்டி வா என்றேன்.

புல் ஓரத்துக்கு வந்து நின்றுவிட்டாள். கீழே பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு பக்கத்து வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஓரத்தில் நான் அள்ளிப் போட்ட சரளைக் கல் மேல் ஏறிச் சுற்றி வரத் தொடங்கினாள்.

"புல்லு மேல வாம்மா. கல்லு குத்தும், விழுந்திருவ," என்றேன்.

அவள் பின்னால் வந்த தாயிடம் திரும்பி, "அப்பா வைவாக," என்றாள்.

நான் புல்லின் மேல் ஏறினேன். குதித்தேன். குதிகாலால் திருகி மிதித்தேன். பார், அப்பாவே மிதிக்கிறேன் பார் என்று காட்டினேன். தெருவே கூடி, புல்லுக்காரனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று பார்த்தது. முத்துமணி கல் மேல் நின்றபடி, என் காலுக்கடியில் நசுங்குகிற புல்லைப் பார்த்து முகம் வாடினாள். அப்புறம் சுவரைப் பிடித்தபடி சுற்றி வந்தாள், வழியில் ஒரு தடவை விழுந்தாள், யாரும் தூக்குவதற்குள் எழுந்தாள். முட்டியில் ரத்தத்தோடு என்னிடம் வந்து சேர்ந்தாள். தூக்கி வைத்துக்கொண்டு அழுதேன். வேடிக்கை பார்த்தவர்கள் கலைந்து போனார்கள்.

அதற்குப் பிறகு கத்துவதை விட்டேன். ஆடு மேய்ந்தது, கோழி கிளறியது, பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். சோலைச்சாமி சொன்னது சரிதான், எதற்கும் சாகிற புல் இல்லை அது. முத்துமணி மட்டும் சுற்றிக்கொண்டுதான் போய் வந்தாள். நானும் தினம் கூப்பிட்டுப் பார்த்தேன். மூன்று வாரம் கழித்து ஒரு நாள் புல்லில் கால் வைத்தாளாம், நடந்தாளாம், கடைசியில் ஓடக்கூடப் பார்த்தாளாம். லிங்கம்மாள்தான் சொன்னாள். நான் அன்று வீட்டில் இல்லை.