குடங்களுக்கு நடுவே ரிவர்ஸ்

குஜிலியம்பாறையைத் தாண்டி ஒரு தரிசுக் காட்டில் எங்கள் பழைய கார் கிளப்பின் போட்டி நடக்கிறது. வரிசையாக வைத்த பிளாஸ்டிக் கூம்புகளுக்கு இடையே வளைந்து போய், ரிவர்ஸில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் காரை நிறுத்த வேண்டும். கூம்பை இடித்தால் சில விநாடி அபராதம்.

ஆனால் காற்று கூம்புகளை உருட்டிக்கொண்டே இருக்கிறது. பார்த்துச் சலித்த காட்டுக்காரர் பேச்சியம்மாள், வீட்டிலிருந்து பிளாஸ்டிக் குடங்களைக் கொண்டுவந்து போடுகிறார்.

“தண்ணி ஊத்தாதீக. மண்ண அள்ளிப் போடுங்க.”

தண்ணீருக்கு அலையும் ஊர், நியாயம்தான் என்று மண்ணை நிரப்புகிறோம்.

கடைசிச் சுற்றுவரை நான்தான் முதலில் இருக்கிறேன். என் அம்பாசடர் பின்னால் நகரும்போது கண்ணாடியில் ஒரு நீலக் குடம் தெரிகிறது. அதற்கப்பால் இடுப்பில் கைவைத்தபடி பேச்சியம்மாள். இடித்தால் எனக்கு விநாடிதான் போகும், அவருக்குக் குடமே போய்விடும். பிரேக்கை மிதித்து மிதித்து உள்ளே விடுகிறேன். குடம் தப்பிக்கிறது, கோப்பை கைவிட்டுப் போகிறது.

இறங்கியதும் அவர் வருகிறார்.

“ஏண்ணே, நல்லா வந்துட்டு அங்கன போயி எதுக்கு அம்புட்டு நேரம் நின்னீக?”

“உங்க குடம் உடைஞ்சிருமேன்னுதாம்மா.”

வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்.

“அது அம்புட்டும் ஓட்டக் குடம்ணே! நல்ல குடத்த யாராச்சும் கார் ஓட்டக் குடுப்பாகளா?”

சிரித்து முடித்தவர் என் முகத்தைப் பார்க்கிறார்.

“நல்ல குடம் வீட்டுல இருக்கு. வாங்க, செத்த உக்காந்து தண்ணி குடிச்சிட்டுப் போங்க.”