ஓடைக்கு அக்கரையில் வெட்டிய தழை

செலெஸ்தேன் தம் வாழ்நாளில் இருபத்தாறு ஆண்டுகள் நியாவுலி மரத்துத் தழை வெட்டினார். அத்தனை ஆண்டுகளில் ஒரே ஒரு வருடம்தான் அவர் பேச்சில் திரும்பத் திரும்ப வரும். மலை எரிந்த வருடம். "அந்த வருஷம் இருந்த மாதிரி இந்தப் பள்ளத்தாக்கு அப்புறம் இருந்ததே இல்ல" என்பார், ஏதோ திருவிழாவைச் சொல்வதுபோல.

ஆற்றோரத் தகரக் கொட்டகையில், தழையைக் கொதிக்கவைத்து வடிக்கும் ஒரு செப்பு வாலை இருந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரர் போட்டுவிட்டுப் போனது. ஓட்டையை அடைத்து அதில் தைலம் வடித்தவர் செலெஸ்தேன். நுனிக் கிளையில் ஒரு சாணுக்கு மேல் வெட்டக் கூடாது. அடிமரத்துப் பட்டையில் கத்தி படக் கூடாது. வெட்டிய தழை ஒரு நாள் நிழலில் வாட வேண்டும். இதெல்லாம் யாரும் சொல்லித் தந்ததில்லை, கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டது. வடிந்த நீரின் மேல் இளம்பச்சையாய் மிதக்கும் தைலத்தை வழித்தெடுத்துப் பழைய ரம் புட்டிகளில் அடைப்பார். பாதி கப்பலில் விலைக்குப் போகும், பாதி ஊருக்கு. சளி கட்டிய மார்புக்கும், பிடித்துக்கொண்ட இடுப்புக்கும், மீன்முள் குத்திய காலுக்கும் அந்தத் தைலம்தான். யார் வீட்டுக்குப் போனாலும் அவர் கையில் ஒரு புட்டி இருக்கும்.

அந்த வருடம் அவர் வெட்டும் மலையில் காய்ந்த புல்லில் பிடித்த தீ இரண்டு நாள் நின்று எரிந்தது. நியாவுலி தீயில் சாகாது. தாள் தாளான வெள்ளைப் பட்டை கருகிப்போகும், உள்மரம் பிழைத்துக்கொள்ளும். ஆனால் மறுதழை வர ஒரு பருவமாவது ஆகும். கப்பல் வரும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

ஓடைக்கு அக்கரைச் சரிவு எரியவில்லை. அது பல்லிக் குலத்தாருடையது. கரையில் எல்லைக்கு அடையாளமாக இரண்டு செந்தழைச் செடிகளை நட்டிருந்தார்கள். கேட்டால் இல்லையென்று சொல்லமாட்டார்கள். ஆனால் கேட்பதென்றால் மடித்த துணியும் புகையிலையும் கொண்டுபோய் வைத்து, குலப் பெரியவர் முன் உட்கார்ந்து, அரை நாள் பேச வேண்டும். செலெஸ்தேன் ஒரு விடியற்காலையில் கேளாமல் ஓடையைத் தாண்டினார். மூன்று நாளில் ஒன்பது குதிரைச் சுமைத் தழை இறங்கியது. கப்பலும் வந்து போனது.

அடுத்த மாதம் அவருடைய நான்கு வயது மகள் ரோசினுக்கு இருமலும் காய்ச்சலும் கண்டன. மருந்தகத்தில் கொடுத்த மருந்தில் காய்ச்சல் விட்டது. ஆனால் பிள்ளை சாப்பிடவில்லை. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போனது. காலையும் மாலையும் நெஞ்சில் தைலம் தேய்த்தார். ஊரில் எத்தனையோ மார்பைத் திறந்துவிட்ட தைலம், சொந்த மகளின் மார்பில் வெறும் தண்ணீராய்க் கிடந்தது.

ஒவ்வொரு குலத்தின் கையிலும் ஒரு நோய் உண்டு. அதன் மருந்தும் அதே கையில்தான் இருக்கும். உடம்பு வற்றுவது பல்லிக் குலத்தாரின் நோய். யாரும் அதை ஏவ வேண்டியதில்லை. அவர்கள் மண்ணில் கேளாமல் கால் வைத்தவன் வீட்டுக்குத் தானாக வந்துவிடும். செலெஸ்தேனுக்கு இது தெரியும். தெரிந்தும் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

மலைக்கு அப்பாலிருந்து மனைவி ஒதீலின் அண்ணன் தேயின் வந்துசேர்ந்தார். பிள்ளையின் ரத்தம் தாய் வீட்டாருடையது. அதற்கு ஒன்று என்றால் தாய்மாமன்தான் கேட்க வேண்டும். அவர் படுக்கையருகில் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"எங்க ரத்தத்த என்ன பண்ணி வச்சிருக்க மாப்ள?"

"இருமல்தான் மச்சான். தைலம் தேச்சுட்டு இருக்கேன்."

"எந்த மலைத் தைலம்?"

செலெஸ்தேன் தைலப் புட்டியின் மூடியைத் திருகி இறுக்கினார்.

"உன் மலை கரியாக் கிடக்கு. பாத்துட்டுத்தான் வர்றேன். எந்த மலைத் தைலம்னு கேட்டேன்."

"அண்ணன் கேக்கறது காதுல விழலையா?" என்றாள் ஒதீல். இத்தனை நாளும் கேட்காமல் இருந்தவள் அவள்.

மறுநாள் மச்சானும் மாப்பிள்ளையும் அக்கரைக்குப் போனார்கள். துணி, புகையிலை, நீளமான ஒரு பெருவள்ளிக்கிழங்கு. கிளம்பும்போது பழக்க தோஷத்தில் செலெஸ்தேன் ஒரு புட்டியையும் எடுத்துக்கொண்டார்.

பல்லிக் குலத்தாரின் மருந்தை வைத்திருந்தவள் யூஜெனி. செலெஸ்தேனைவிட ஐந்தாறு வயது மூத்தவள். பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து கிழங்கு சுரண்டிக்கொண்டிருந்தாள். துணியோடு வைத்த புட்டியை எடுத்து, மூடியைத் திருகி, முகர்ந்தாள்.

"காத்தடிக்கிற மரம். காரம் தூக்கலா இருக்கு. நம்ம சரிவுதான்." சுற்றியிருந்தவர்கள் பக்கம் திரும்பினாள். "பாருங்கய்யா, நம்ம மரத்தத் திருடி வடிச்சு நமக்கே பரிசாக் கொண்டாந்திருக்காரு பெரிய வைத்தியரு!"

வீடே சிரித்தது. தேயினும் சிரித்தார்.

"நீயுமா மச்சான்?"

"சிரிக்காம என்ன செய்ய? கோழியத் திருடினவன் அதே வீட்டுக்குச் சாறு கொண்டுபோறத இப்பத்தானே பாக்கறேன்."

சிரிப்பு அடங்கியதும் பெரியவர் கேட்டார். "எல்லையில செடி இருந்ததே, பாக்கலையா தம்பி?"

"கண்ணுல படல பெரியவரே. தீயில கருகிருச்சு போல."

பெரியவர் ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாகத் துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். யூஜெனி தனியாகக் காட்டுக்குள் போனாள். எதையோ மரப்பட்டையில் பொதிந்து கொண்டுவந்தாள். என்ன இலை என்று செலெஸ்தேன் பார்க்கவில்லை. மற்றொரு குலத்தின் மருந்தைப் பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இடித்து நாரில் முடிந்த பொட்டணத்தைப் பிள்ளையின் வாய்க்கு மேல் பிடித்துச் சொட்டுச் சொட்டாகப் பிழிய வேண்டும். நான்கு காலைகள், யூஜெனியே அவர் வீட்டுக்கு வந்து பிழிவாள்.

முதல் நாள் ரோசின் எல்லாவற்றையும் வாந்தியெடுத்தாள். இரண்டாம் நாளும் அப்படியே.

யூஜெனி கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். "என் மருந்துல குத்தம் இல்ல. போற வழிய ஏதோ அடச்சிட்டு நிக்குது. அது பிள்ள வயித்துல இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று பகல் முழுவதும் செலெஸ்தேன் ஆறிப்போன வாலையருகில் உட்கார்ந்திருந்தார். எல்லைச் செடிகள் கருகவில்லை. சிவக்கச் சிவக்க நின்றன. சட்டை உரசாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு அவற்றுக்கு நடுவே போனவர் அவர். முறைக்கு வைத்த துணியின் முன் பொய் சொன்னதாக இப்போது ஒப்புக்கொண்டால், இனி எந்தச் சபையிலும் அவர் பேச்சுக்கு எடை இருக்காது. ஒப்புக்கொள்ளாவிட்டால்? உள்ளே போய் மகளின் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு விரல் வளைத்தால் இன்னும் இடம் மிச்சமிருந்தது.

மாலையில் வெறுங்கையோடு ஓடையைத் தாண்டினார். எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அவர் நின்றபடியே சொன்னார்.

"செடி கருகல. நல்லா செகப்பா நின்னுச்சு. பாத்துட்டுத்தான் தாண்டினேன். பொய் சொல்லிட்டேன்."

பெரியவர் சாப்பாட்டிலிருந்து தலை தூக்கவில்லை. யூஜெனிதான் பேசினாள்.

"தெரியும். மேல தோட்டத்துல நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன். சட்ட படாம நண்டு மாதிரி பக்கவாட்டுல போன."

"அப்பவே கூப்பிட்டுத் திட்டியிருக்கலாமே அக்கா!"

"திட்டியிருந்தா கப்பலுக்கு எத அனுப்பியிருப்ப? நீயா வந்து சொல்லுவன்னு இருந்தேன். இத்தன நாளாகும்னு நெனைக்கல." கையிலிருந்த கிழங்கைக் கீழே வைத்தாள். "பிள்ள மேல வந்து விழும்னும் நெனைக்கல."

மூன்றாம் காலை மருந்து உள்ளே நின்றது. நான்காம் நாள் ரோசின் விரல்நுனி அளவு கிழங்கு தின்றாள். ஐந்தாம் நாள் தேயின் அவளுடைய துணிகளை மூட்டை கட்டினார்.

"கூட்டிட்டுப் போறேன். அடுத்த கிழங்கு அறுவடைக்குக் கொண்டாந்து விடறேன்."

"மச்சான், இப்பத்தானே எந்திரிச்சிருக்கா..."

"எங்க ரத்தம் மாப்ள. நாங்க தேத்திக்கறோம்."

ஒதீல் ஒரு போர்வையையும் கொண்டுவந்து மூட்டையில் செருகினாள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை தம் கையை விட்டுப் போய்விட்டதை செலெஸ்தேன் உணர்ந்தார். மலைக்கணவாய் வரை கூடவே நடந்தார். மாமனின் தோளில் பிள்ளை தூங்கிக்கொண்டே போனாள்.

எட்டு மாதம். அவர் பிற்காலத்தில் திருவிழாபோலச் சொன்னது அந்த எட்டு மாதத்தைத்தான். பிள்ளையில்லாத வீட்டில் இருக்கப் பிடிக்காமல் அவரும் ஒதீலும் கொட்டகையே கதியென்று கிடந்தார்கள். துணிகொண்டு போய் முறைப்படி கேட்டு அக்கரையில் வெட்டினார். யூஜெனி கூடவே வந்து, "இத வெட்டு, அதுக்குப் பிள்ளப்பேறு, தொடாத" என்று அதிகாரம் செய்வாள். "மரத்துக்குப் பிள்ளப்பேறா?" என்பார். "பூ வச்சிருக்குல்ல, கண்ணு தெரியலையா? ஓ, ஒனக்குத்தான் எதுவும் கண்ணுல படாதே!" என்பாள். வாலை கொதிக்கும் நாட்களில் இரண்டு கரையினரும் வந்து உட்காருவார்கள். சளி பிடித்த பிள்ளைகளை ஆவி படும் பக்கம் உட்காரவைப்பார்கள். யாராவது கிழங்கு சுடுவார்கள்.

அறுவடை முடிந்ததும் தேயின் சொன்னபடி வந்தார். ரோசின் சொந்தக் காலில் நடந்து வந்தாள். கன்னம் உப்பியிருந்தது. சாப்பிடும்போது எதையோ கேட்டாள், செலெஸ்தேனுக்குப் புரியவில்லை. மாமன் ஊர் மொழியில் கேட்கிறாள் என்று பிறகுதான் விளங்கியது. கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வீட்டில் ஒதீல் பேச ஆளில்லாமல் இருந்த மொழி அது. அவள் சட்டென்று முகம் மலர்ந்து அதே மொழியில் பதில் சொன்னாள். உப்பை நகர்த்தினாள். தாயும் மகளும் பேசப் பேச, ஒரு சொல்லும் விளங்காமல் செலெஸ்தேன் அருகே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.